‘தி’யா, ‘எ’யா? பதில் கேட்கிறவர் தலைக்குள்ள இருக்கு

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு சொதப்பலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு, நைட் ஷிஃப்ட். கிளையண்டுக்கு மொத்தம் மூணு சர்வர். அதில் ஒண்ணு நின்னுடுச்சு. நான் பதற்றத்தில் ‘தி சர்வர் இஸ் டவுன்’னு மெயில் அனுப்பிட்டேன். அஞ்சு நிமிஷத்தில் போன். எல்லாமே படுத்துடுச்சுன்னு நினைச்சு ஆர்டர் எடுக்கிறதையே நிறுத்திட்டாங்க. மத்த ரெண்டும் ஜம்முனு ஓடிட்டு இருந்தது! நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஒன் ஆஃப் தி சர்வர்ஸ்’. குறைஞ்சபட்சம் ‘எ சர்வர்’.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது: முதல் தடவை சொன்னா ‘எ’, ரெண்டாவது தடவை ‘தி’. தப்பில்லை, ஆனா அது விளைவுதான், காரணம் இல்லை. காரணம் இதுதான்: நீங்க எதைச் சொல்றீங்கன்னு கேட்கிறவருக்குத் தெரியுமா? தெரியும்னா ‘தி’. ‘எந்த சர்வர்?’னு அவர் திருப்பிக் கேட்பார்னா ‘எ’. ‘தி சன்’னு முதல் தடவையே சொல்றோமே, ஏன்? எந்தச் சூரியன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதான் நமக்குக் கஷ்டம்னு சொல்வாங்க. ஆனா இந்த வித்தியாசம் நம்ம வாயில் ஏற்கெனவே இருக்கு. ‘புக் வாங்கினேன்’, ‘புக்கை வாங்கினேன்’. ரெண்டும் ஒண்ணா? முதலாவது ஏதோ ஒரு புக். ரெண்டாவது, நாம பேசிட்டிருந்த அதே புக். அந்தச் சின்ன ‘ஐ’ கிட்டத்தட்ட ‘தி’ செய்யும் வேலையைச் செய்யுது. ‘பொண்ணு பார்க்கப் போனாங்க’ன்னா இன்னும் யாரும் முடிவாகலை. ‘பொண்ணைப் பார்க்கப் போனாங்க’ன்னா எந்தப் பொண்ணுன்னு தெரியும். இந்த ‘ஐ’ எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’னு மனுஷங்களுக்குப் பெரும்பாலும் ‘ஐ’ போட்டே ஆகணும். ஆனாலும் அந்த உணர்வு உங்களுக்குப் புதுசில்லை.

அடுத்து ‘ஆன்’. எழுத்தைப் பார்க்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க. ‘ஆன் அவர்’, ‘ஆன் எம்பிஏ’, ஆனா ‘எ யுனிவர்சிட்டி’. நம்ம ‘ஓர் ஊர்’, ‘ஒரு நகரம்’ மாதிரிதான். உண்மையில் ‘ஆன்’தான் மூத்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மெய்யொலிக்கு முன்னாடி கடைசி ‘ன்’ உதிர்ந்து ‘எ’ ஆச்சு. இந்தக் குழப்பத்தில் ஒரு வார்த்தையே மாறியிருக்கு: ‘எ நேப்ரன்’ என்பதை ‘ஆன் ஏப்ரன்’ என்று கேட்டுக் கேட்டு, இன்னைக்கு ஏப்ரன்தான் மிச்சம்.

எண்ண முடியாததுக்கு ‘எ’ வேண்டாம். ‘ஆன் அட்வைஸ்’, ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ ரெண்டும் ஆஃபீஸ் மெயிலில் அடிக்கடி வரும் தப்பு. ‘சம் அட்வைஸ்’ போதும்.

தப்பு நமக்கு மட்டும் வர்றது இல்லை. 1969 ஜூலை 20, நிலாவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் பேசிய வாக்கியத்தில் ‘எ மேன்’, அதாவது ‘ஒரு மனுஷன்’, என்றுதான் சொல்ல நினைத்தார். ஒலிப்பதிவில் பலர் காதுக்கு விழுவது வெறும் ‘மேன்’. அந்த இடத்தில் ஆர்ட்டிகிள் இல்லாத ‘மேன்’ என்றால் மனித இனம். அப்போ மனித இனத்துக்குச் சின்ன அடி, மனித இனத்துக்கே பெரிய பாய்ச்சல்னு ஆகிடுது! அந்த ‘எ’ இருந்ததா இல்லையான்னு பல வருஷம் ஆராய்ச்சி நடந்தது.

அவருக்கே ஒரு எழுத்து வழுக்குது. அதனால பேசும்போது பயப்படாதீங்க, யாரும் மார்க் போடலை. ஆனா மெயில் எழுதினா, சென்ட் அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு நொடி: படிக்கிறவர் ‘எது?’ன்னு கேட்பாரா? அந்த ஒரு நொடி அன்னைக்கு எனக்குக் கிடைச்சிருந்தா, ஒரு கடை ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.