மூளைக்காய்ச்சலுக்கு மெலடோனின்: எலிகள் சொன்னதும் இன்னும் தெரிய வேண்டியதும்

2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டம் தச்சநாட்டுக்கரையில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் நிபா வைரஸ் உறுதியானதும், எல்லையிலுள்ள வாளையாரில் தமிழக சுகாதாரத் துறையினர் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். இடுக்கிக்கும் இந்தக் கவலை பழசு. 2019-இல் எர்ணாகுளத்தில் நிபா தென்பட்டபோது, இடுக்கியின் தொடுபுழா பக்கம் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். தேனி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள் போடிமெட்டும் குமுளியும் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்வருகிற மலை இடுக்கி.

நிபா வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிழைத்தவர்களிலும் சிலருக்கு வலிப்பும் குணமாற்றமும் நீடிக்கின்றன. அனுமதி பெற்ற தடுப்பூசியோ மருந்தோ இல்லை.

மூளைக்காய்ச்சலில் மூளையைக் கெடுப்பது வைரஸ் மட்டும் அல்ல. அதை எதிர்த்துக் கிளம்பும் நோயெதிர்ப்பு அணுக்கள் கக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்கள் பக்கத்து நரம்பணுக்களையும் தாக்குகின்றன. ரத்தக் குழாய்கள் கசிந்து மூளை வீங்குகிறது. இந்தச் சேதத்தைத் தணிக்கத்தான் மெலடோனின் உதவுமா என்று பார்க்கிறார்கள். இருட்டியதும் பினியல் சுரப்பியில் ஊறும் இந்த ஹார்மோனை ஏரன் லெர்னர் குழு 1958-இல் மாட்டின் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தது. நமக்கு அது தூக்க மாத்திரை. மூளைக்குள் எளிதில் நுழையும் என்பதே அதன் பெரிய பலம்.

1995-இல் பென்-நாதன் குழு, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் செம்லிகி ஃபாரஸ்ட் வைரஸ் செலுத்திய எலிகளுக்கு மெலடோனின் ஊசி போட்டது. போடாத எலிகள் அத்தனையும் செத்தன. போட்டவற்றில் 44 சதவீதமே செத்தன. வைரஸின் அளவைக் கூட்டியபோது பலன் குறைந்தது. 2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், கொரோனா வைரஸ் எலிகளின் மூளைக்குள் புகுவதை மெலடோனின் குறைத்ததாகக் கண்டார்கள்.

ஆனால் 1995 சோதனையில் ஊசி தொடங்கியது வைரஸ் செலுத்துவதற்கு மூன்று நாள் முன்பு. மனிதர்களோ பெரும்பாலும் காய்ச்சல் முற்றி, நினைவு தடுமாறிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் கொடுத்தால் பலன் உண்டா என்பதற்கு எலிக்கணக்கு விடையாகாது. நிபா பரவுகிறது என்றதும் மருந்துக் கடைக்கு ஓடி மெலடோனின் வாங்குவதில் அர்த்தமில்லை. காய்ச்சலோடு பிதற்றலோ வலிப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

நிபா பெரும்பாலும் ஒருசிலரையே தாக்குவதால், அதில் முறையான மருந்துப் பரிசோதனை நடத்துவது கடினம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அப்படியல்ல. இந்தியாவில் 1955-இல் வேலூரில் முதலில் அடையாளம் காணப்பட்ட அந்த நோய்க்கும் வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. நோயாளிகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். சேர்ந்த நாளிலிருந்தே ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு மெலடோனினும் கொடுத்து, ஆறு மாதம் கழித்து இரு தரப்பாரின் நினைவாற்றலையும் நடமாட்டத்தையும் ஒப்பிடுகிற பரிசோதனையை இந்த நோயிலிருந்து தொடங்கலாம்.