அழகுக்கு வாங்கின மிளகாயைக் கறிக்குப் போடலாமா?

இலையுதிர் காலம் தொடங்கினால் டொராண்டோ கடைகளில் சின்னப் பூச்சாடிகளில் அலங்கார மிளகாய்ச் செடிகள் வந்துவிடும். ஊதா, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஒரே செடியில் நாலு நிறம். காய்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். அம்மாவின் கேள்வி ஒன்றுதான்: "இது உறைக்குமோ? சம்பலுக்குப் போடலாமோ?"

அநேகமானவை நல்லாவே உறைக்கும். நாங்கள் சமைக்கிற மிளகாயின் இனம்தான் இதுவும், காப்சிகம் ஆன்னுவம். ஆனால் கடைச் செடியின் காயை நான் சட்டிக்குள் போட விடமாட்டேன். அழகுக்கென்று விற்கிற செடிக்கு, உணவுப் பயிருக்கு அடிக்கக்கூடாத பூச்சிமருந்தோ, செடியைக் குள்ளமாக வைத்திருக்கும் மருந்தோ அடித்திருக்கலாம். பார்த்துத் தெரியாது.

குழந்தைகள் உள்ள வீடுகள் இன்னொன்றையும் கவனிக்கணும். கிறிஸ்மஸ் நேரத்தில் ஜெருசலேம் செரி என்றொரு செடியும் விற்பார்கள். உருண்டையான செம்மஞ்சள் காய். உருண்டை மிளகாய் என்றே நினைப்பீங்கள். அது நஞ்சு. பெயர்ச்சீட்டு இல்லாத செடியை வீட்டுக்குள் கொண்டுவராதீங்கோ.

சாப்பிட ஆசையென்றால் விதை போட்டு வளர்க்கலாம். கடைக்காயின் விதையும் முளைக்கும், ஆனால் கலப்பினமென்றால் பிள்ளை தாயைப்போல இருக்காது. பாக்கெட் விதை நல்லது. நான் சொல்வது நியூமெக்ஸ் ட்வைலைட்; நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும். கறுப்பு இலை பிடிக்குமென்றால் பிளாக் பேர்ல், 2006இல் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது.

மார்ச்சில் வீட்டுக்குள் விதையுங்கோ. மண்ணுக்கு 25 டிகிரி செல்சியஸ் சூடாவது வேணும். குளிர்ந்த ஜன்னல் ஓரத்தில் வாரக்கணக்காகச் சும்மா கிடக்கும். மே கடைசியில், உறைபனி போனபிறகு, வெளியே வைக்கலாம். பால்கனி இல்லையா? வெயில் நிறைய விழுகிற ஜன்னலும் போதும். பூத்ததும் செடியை மெல்ல ஆட்டிவிடுங்கோ, தேனீயின் வேலையை நாங்கதான் பார்க்கணும்.

ருசி? காய் சின்னது, விதை கூட, சதை குறைவு. உறைப்பு இருக்கும், நல்ல பச்சை மிளகாயின் வாசம் இராது. தாளிக்கும்போது முழுசாகப் போடலாம், வினாகிரியில் ஊறவைக்கலாம். ஊதா நிறம் சூட்டில் போய்விடும்.

பூச்சாடியைப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் வையுங்கோ. உறைப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கையில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவணும். வாயில் போட்டுவிட்டால் தண்ணீரை விடப் பாலோ தயிரோ கொடுங்கோ.