மஞ்சள் கோட்டுச் சாலைகள்

இங்கிலாந்து நெரிசலான நாடு. சதுர கிலோமீட்டருக்கு 430 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஆனால் அதே நாட்டின் டெவன், ஹெரஃபோர்ட்ஷயர், சஃபோக் போன்ற மாவட்டங்களில், காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் கார்ச் சத்தம் அதிகம் கேட்காமலே மதியம் வரை மிதிக்கலாம். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு வண்டி போகுமளவு தார், சில இடங்களில் அந்தத் தாரின் நடுவிலேயே புல். இப்படிப்பட்ட சிறுசாலையை அங்கே 'லேன்' என்பார்கள். இந்த லேன்களைக் கோத்து நாள் முழுக்க ஓட்டக்கூடிய ஒரு தடத்தை அமைப்பது தனிக் கலை. நிலத்தின் வரலாறும் வரைபடமும் கொஞ்சம் இயற்பியலும் தெரிந்தால் யாருக்கும் அது கைவரும்.

சாலை ஏன் வளைகிறது?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம், அதை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று பழைய நிலப்பரப்பு. இன்னொன்று திட்டமிட்ட நிலப்பரப்பு. டெவனும் ஹெரஃபோர்ட்ஷயரும் முதல் வகை. அங்கே வயல்களும் வரப்புகளும் பல நூற்றாண்டுப் பழமை உடையவை. பண்ணையிலிருந்து தேவாலயத்துக்கும், ஊரிலிருந்து சந்தைக்கும் மக்கள் வரப்போரமாக நடந்த தடமே பிறகு சாலையானது. அதனால்தான் நூறு மீட்டருக்கு ஒரு வளைவு. மண் இளக்கமான இடங்களில் மாட்டுக் குளம்பும் வண்டிச் சக்கரமும் தடத்தைக் கிளற, மழைநீர் அந்த மண்ணை அடித்துக்கொண்டு போனது. பல நூற்றாண்டுகள் இப்படியே நடந்ததில், சில சாலைகள் பக்கத்து வயலைவிட ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டன.

நார்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர் போன்ற நடுப்பகுதி மாவட்டங்கள் இரண்டாம் வகை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் ஊர்ப் பொதுநிலங்கள் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஏழைகள் பலர் மேய்ச்சல் உரிமையை இழந்த காலம் அது. அப்போது நில அளவையாளர்கள் புதிய சாலைகளை நேர்கோடாக வரைந்தார்கள். வேலிக்கு வேலி 40 அடி அகலம் விடுவது பரவலான வழக்கம். இன்று நடுவில் மட்டும் தார் இருக்கிறது. இருபுறமும் அகலமான புல்தரை.

சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். பழைய சாலையில் உயரமான வேலி காற்றைத் தடுக்கும். ஆனால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. நேர்ச்சாலையில் பார்வை தூரம் வரை போகும். எதிர்காற்று அடித்தால் ஒதுங்க இடமிருக்காது.

வரைபடத்தை வாசித்தல்

1791இல் தொடங்கப்பட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம் வெளியிடும் 1:50,000 அளவு வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். நெடுஞ்சாலைகளுக்கும் முக்கியச் சாலைகளுக்கும் நீலம், பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று நிறங்கள் உண்டு. நமக்கு வேண்டியது மஞ்சள். அதிலும் இரண்டு தடிமன்: தடித்த மஞ்சள் கோடு 4 மீட்டரைவிட அகலமான சாலை, மெல்லிய மஞ்சள் கோடு அதைவிடக் குறுகியது. 4 மீட்டருக்குள் இரண்டு கார்கள் எதிரெதிரே சிரமமின்றிக் கடக்க முடியாது. ஒன்று பின்வாங்கி ஒதுங்குமிடத்தில் நிற்க வேண்டும். அவசரமாகப் போகிறவர் அந்தச் சாலையைத் தேர்ந்தெடுக்க மாட்டார். மெல்லிய மஞ்சள் கோட்டின் அமைதிக்குக் காரணம் அதுதான்.

இரண்டு ஊர்களுக்கு இடையே சிவப்புச் சாலை ஒன்று ஓடினால், அதற்கு இணையாக மஞ்சள் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் வண்டிகள் சிவப்பில் போய்விடும். மஞ்சள் சும்மா கிடக்கும். இரண்டு பெரிய ஊர்களை நேராக இணைக்கும் மஞ்சள் கோட்டில் மட்டும் எச்சரிக்கை தேவை. அது குறுக்குவழியாகப் பயன்படும். சிவப்புச் சாலையைத் தவிர்க்கவே முடியாதபோது, அதன் மேல் ஓட்டாமல் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க லேனுக்குள் நுழையும் இடமாகப் பார்த்துத் தடத்தை அமைப்பது நல்லது.

ஏற்றத்தின் கணக்கு

சாலைமேல் வரைபடம் போடும் சிறு அம்புக்குறிகளைக் கவனிக்காமல் விட்டால் கால்கள் கணக்குக் கேட்கும். ஓர் அம்பு என்றால் 14 முதல் 20 சதவீதச் சரிவு. இரட்டை அம்பு என்றால் 20 சதவீதத்துக்கும் மேல். அம்பின் முனை இறக்கத்தைக் காட்டும்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே ஏறக்குறைய 230 வாட் தேவை. பயிற்சி இல்லாதவர் இதை வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. 20 சதவீத ஏற்றத்தில் அதே 230 வாட் கொடுத்தால் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டராகிவிடும், நடக்கிற வேகம். முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் 34 பற்கள் இருந்தால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 2.1 மீட்டர் போகும். அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 40 சுற்று. இதைவிடக் கனமான கியர் என்றால் முழங்கால் தாங்காது. அதனால்தான் லேன்களில் ஓட்டுபவர்கள் பந்தய சைக்கிளின் கனத்த கியரை விட்டு, இப்படிச் சுலபமான கியரை வைத்துக்கொள்கிறார்கள். ஏரி மாவட்டத்தின் ஹார்ட்நாட் கணவாய் போல 33 சதவீதம் வரை ஏறும் இடத்தில் இறங்கித் தள்ளுவதில் குறைவொன்றுமில்லை.

ரயில் விட்டுப்போன பாதை

ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயில் பாதையை மூடப் பரிந்துரைத்தது. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே அது விட்டுப்போன தடங்கள் சைக்கிளுக்கு வாகானவை. 1977இல் பிரிஸ்டலில் கூடிய சைக்கிள் ஆர்வலர் குழு ஒன்று, 1979 முதல் 1986 வரை பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே கைவிடப்பட்ட பாதையில் 21 கிலோமீட்டர் தடம் அமைத்தது. அதிலிருந்து வளர்ந்த சஸ்ட்ரான்ஸ் அறக்கட்டளைதான் பிறகு தேசிய சைக்கிள் வலைப்பின்னலை உருவாக்கியது. 2020இல் அந்த அமைப்பே வலைப்பின்னலின் ஏறக்குறைய கால்பங்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது. சாலைகளின் வழியே சென்ற அந்தப் பகுதிகளில் வாகனங்கள் மிகுந்து, சைக்கிளுக்குப் பாதுகாப்பில்லாமல் போனதே காரணம்.

ஏற்றம் இருந்தாலும், அந்த வலைப்பின்னலின் தடங்களில் புகழ்பெற்றது 1994இல் திறக்கப்பட்ட கடலிலிருந்து கடலுக்கான பாதை. மேற்கே ஐரிஷ் கடலோரத்தில் தொடங்கி, பென்னைன் மலைகளில் 600 மீட்டர் உயரம் தாண்டி, கிழக்கே வடகடலில் முடியும். ஏறக்குறைய 225 கிலோமீட்டர். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், மேற்கிலிருந்து கிழக்கே போவதே வழக்கம். முதுகில் காற்று இருந்தால் மலையும் பாதியாகும்.

முள்ளும் சேறும்

லேனில் ஓட்ட சில பழக்கங்கள் வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பண்ணையோர வேலிகளை வெட்டத் தடை உண்டு. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டர்கள் கிளம்பிவிடும். வெட்டிய ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் தாரில் சிதறிக் கிடக்கும்; பிளாக்தார்ன் முள் டயரைத் துளைத்து டியூப் வரை இறங்கும். முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் ஓட்டியவர்கள் இப்போது 28, 32 மில்லிமீட்டருக்கு மாறியிருக்கிறார்கள். அகலமான டயரில் காற்றழுத்தம் குறைவாக வைக்கலாம். குழியும் சேறும் அவ்வளவாக உலுக்காது.

வளைவில் வேகத்தைக் குறைப்பது உயிர் காக்கும் பழக்கம். பெரும்பாலான நாட்டுப்புறச் சாலைகளில் காருக்கு மணிக்கு 60 மைல் வரை சட்டம் அனுமதிக்கிறது. குதிரைமேல் யாராவது வந்தால் வேகம் தணித்து, தூரத்திலேயே குரல் கொடுத்து, நிறைய இடம் விட்டுக் கடக்க வேண்டும். பின்னால் கார் வந்து நின்றால் அடுத்த வாயிலில் ஒதுங்கி வழி விடுவதும், அவர் கையசைத்தால் பதிலுக்குக் கையசைப்பதும் ஊர் மரியாதை.

இந்தச் சாலைகளுக்கு இன்று பெரிய ஆபத்து, கைபேசி காட்டும் குறுக்குவழி. நெரிசலைத் தவிர்க்க அது வண்டிகளை லேனுக்குள் திருப்பிவிடுகிறது. 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், இத்தகைய சாலைகளை 'அமைதிச் சாலை' என அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சஃபோக்கில் ஊர்மக்களே முன்வந்து பல சாலைகளை அப்படி அறிவிக்க வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சாலை போட வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம். தலைமுறைகள் நடந்து நடந்து உண்டாக்கியது ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஆட்கள் நடப்பதும், குதிரை போவதும், குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதும்தான் அதைக் காப்பாற்றும் வழி. ஆள் நடமாட்டம் உள்ள லேனை வெறும் குறுக்குவழியாக மாற்ற எந்த ஊரும் எளிதில் சம்மதிக்காது.