ஊருக்குப் போகுமுன் தொட்டியை எடை போடுங்கள்

1724ஆம் ஆண்டு கோடையில், லண்டனை அடுத்த டெடிங்டனில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு தூக்கிக் காலையும் மாலையும் தராசில் வைத்தார். செடியின் உயரம் மூன்றரை அடி. மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது என்று தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடியிருந்தார். 12 மணி நேரப் பகலில் இலைகள் வழியாக மட்டும் அந்தச் செடி இழந்த நீர் சராசரியாக 20 அவுன்ஸ். அதாவது ஏறத்தாழ 570 மில்லி. வெயில் கடுமையாக இருந்த ஒரு நாளில் அது 850 மில்லி வரை போனது. இரவில் மிகச் சொற்பம்.

இது இங்கிலாந்து வெயிலின் கணக்கு. மே மாதத்தில் நம் மொட்டைமாடியில் நிற்கும் கத்தரிக்கும் ரோஜாவுக்கும் இதைவிடக் குறைவாகச் செலவாகும் என்று நினைக்க வழியில்லை. பத்து நாள் ஊருக்குப் போனால் ஒரு பெரிய செடிக்கே ஐந்தாறு லிட்டர் வேண்டும். கிளம்பும் அன்று வழிய வழிய ஊற்றிவிட்டுப் போவது ஏன் பலிப்பதில்லை என்பது இப்போது புரியும். மண் தன் நுண்துளைகளில் பிடித்துவைக்கும் அளவுக்கு மேல் ஊற்றியதெல்லாம் அடித்துளை வழியே ஓடிவிடும்.

ஹேல்ஸ் செய்ததை நாமும் செய்யலாம். இரவில் நன்றாக நீர் ஊற்றி, வடிந்த பின் காலையில் தொட்டியை எடை போடுங்கள். பெட்டிகளை எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். மறுநாள் காலை மீண்டும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணீர். எத்தனை நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இனி ஊகிக்க வேண்டியதில்லை.

எல்லோரும் முதலில் தேடுவது நீர் கொடுக்கும் கருவியை. என் கருத்தில் அது இரண்டாவது வேலை. செலவைக் குறைப்பதே முதல் வேலை. வேர் உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்குதான் செடியின் உடம்பில் தங்குகிறது. மீதி, இலைத்துளைகள் வழியே ஆவியாகிப் போகிறது. கரியமில வாயுவை உள்ளே எடுக்க இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்தால் நீர் வெளியேறும். வெயிலும் உலர்ந்த காற்றும் அதை விரைவுபடுத்தும். ஆகவே தொட்டிகளைச் சுடும் தளத்திலிருந்து எடுத்து, வெளிச்சம் உள்ள நிழலில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். ஒன்றின் ஈரம் இன்னொன்றைச் சுற்றி நிற்கும். மண்ணின் மேல் சருகோ தேங்காய் நாரோ மூடாக்காகப் பரப்புங்கள். ஆனால் இருட்டறையில் பூட்டிவிடாதீர்கள், செடி பட்டினி கிடக்கும். சோற்றுக்கற்றாழையைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது இலைத்துளைகளை இரவில்தான் திறக்கிறது. அதிக நீர்தான் அதை அழுகவைக்கும்.

ஆவியைச் சிறைபிடிப்பது இன்னொரு வழி. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு 1829இல், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் பெரணி ஒன்று தானாக முளைத்து வாழ்வதைக் கண்டார். இலை விட்ட ஆவி கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியது. இப்படிப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளில்தான் தென் அமெரிக்காவின் சின்கோனா நாற்றுகள் 1861இல் நீலகிரியை அடைந்தன. பெரணி, மணி பிளான்ட் போன்ற நிழல்செடிகளுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்தால் அதே பலன் கிடைக்கும். வெயில் படும் இடத்தில் மட்டும் செய்யக் கூடாது, உள்ளே வெந்துவிடும்.

அதன் பிறகுதான் திரி. மண்ணெண்ணெய் விளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல், பருத்தி இழைகளின் இடுக்குகளில் நீர் தானாக ஏறுகிறது. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம்: 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 3 சென்டிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு விட்டத்தில் 30 சென்டிமீட்டர். பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கினால் நல்ல திரி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும் என்பதால் அலசியே பயன்படுத்த வேண்டும். நனைத்த திரியின் ஒரு முனையை வேர்ப்பகுதி வரை புதைத்து, மறுமுனையை நீர் நிறைத்த வாளிக்குள் அடிவரை இறக்குங்கள்.

வாளியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உயரமான முக்காலியில் வைத்தால், மண் ஈரமாக இருந்தாலும் திரி வழியே நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வாளி காலியாகி வேர் மூழ்கும். வாளியின் நீர்மட்டம் தொட்டி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அப்போது மண் காய்ந்தால் மட்டுமே அது திரியிலிருந்து நீரை இழுக்கும், நனைந்ததும் இழுப்பது குறையும். செடியின் தேவையே குழாயைத் திறந்து மூடுவதால், இந்த முறையை நான் மிகவும் நம்புகிறேன். மண்ணில் தலைகீழாகச் செருகும் பாட்டிலை நம்ப முடியாது. தேங்காய் நார்க்கழிவு கலந்த பொலபொலப்பான மண்ணில் காற்று எளிதாக உள்ளே போவதால், சில மணி நேரத்திலேயே காலியாகிவிடும்.

கடைசியாக ஒன்று, செடியைவிட முக்கியமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள் போதும். நம் விடுமுறையும் அவ்வளவுதான். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். திரி நுழைய மட்டும் இடம் விட்டு வாளியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் புறப்படுங்கள்.