காது கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கத்தில் மானாவாரி வெள்ளாமை பொய்க்கும்போது பல குடும்பங்களைத் தாங்குவது அருப்புக்கோட்டைத் தறியும் மில்லும்தான். அங்கே பல ஆண்டு உழைத்தவர்களில் சிலர், “சத்தம் கேக்குது, என்ன பேசுறாகன்னுதான் வெளங்கல” என்பார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் சிரமம் இன்னும் கூடும். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். வயது மட்டுமே காரணமில்லை; தறி, மில்லின் இரைச்சலும் காரணமாகலாம்.

மூளைக்குப் போகும் சேதி

நம் உள்காது ஒவ்வொன்றிலும் சுமார் 15,000 மயிர் செல்கள் உண்டு. கேட்டதை மூளைக்குச் சொல்வது அவற்றில் ஏறக்குறைய 3,500 மட்டுமே. ஒலி அதிர்வில் செல்லின் நுனி மயிர் சாய்ந்ததும் அதன் அடியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் சுரந்து, நுண்ணிய இடைவெளியைத் தாண்டி நரம்பு நுனியைத் தட்டி எழுப்புகிறது. இந்த இணைப்புக்கு சினாப்ஸ் என்று பெயர்.

மூளைத்தண்டில் அடுத்த செல்லுக்குச் சேதி போவதும் இதே முறையில்தான். ஆய்வாளர்கள் இந்திரா ராமனும் லாரி ட்ரஸ்ஸலும் கோழிக்குஞ்சின் மூளைத்தண்டில் உள்ள செவி செல்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: அங்குள்ள குளுட்டமேட் வாங்கிகள் மில்லி நொடிக் கணக்கில் திறந்து அடங்கிவிடுகின்றன. அந்த வேகம் இருப்பதால்தான் ஒலியின் நேரக் கணக்கு குழம்பாமல் மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

முதலில் அறுவது இணைப்பு

பெருஞ்சத்தம் மயிர் செல்லைக் கொல்லும் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் இருவரும் சுண்டெலிகளை 100 டெசிபல் சத்தத்தில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் திரும்பியது, செல்களும் அழியவில்லை. ஆனால் உள்காதின் சில பகுதிகளில் பாதி அளவு சினாப்ஸ்கள் போயிருந்தன. அளவுக்கு மீறிச் சுரந்த குளுட்டமேட்டால் நரம்பு நுனி வீங்கிச் சிதைகிறது. வழக்கமான செவிப் பரிசோதனையில் இந்த இழப்பு தெரியாமல் போகலாம். இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரியாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மனிதருக்கு அழிந்த மயிர் செல் மறுபடி முளைப்பதில்லை.

செய்ய வேண்டியவை

85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பதையே பாதுகாப்பான எல்லையாகப் பரிந்துரைக்கிறார்கள். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று வையுங்கள். வெறும் பஞ்சு போதாது. நுரையாலான இயர்ப்ளக்கை உருட்டி, காது மடலை மேலே இழுத்து, ஆழமாகச் செருக வேண்டும். அதை வாங்கித் தருவது முதலாளியின் கடமை. தயங்காமல் கேளுங்கள். பங்குனிப் பொங்கலில் ரேடியோ செட்டுக் குழாய்க்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

செவிக் குறை பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பாவிட்டால், “பேச்சு தாமதமா வரும்” என்று காத்திருக்கவே கூடாது. மூளை ஒலியைப் பழகும் முக்கியமான காலம் முதல் சில ஆண்டுகள். தேவைப்படும் குழந்தைக்கு 6 வயதுக்குள், கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள்.