பிள்ளைக்கு ஒரு கோழியும் ஒரு கணக்கு நோட்டும்



மாம்பலம் என்றதும் நம்மில் பலருக்கு ரங்கநாதன் தெருவும் ஜவுளிக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். அது ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கம், தியாகராய நகர். படி ஏறி மறுபக்கம் இறங்கினால் மேற்கு மாம்பலம். ஆரியகௌடா ரோடு, அயோத்தியா மண்டபம், மெஸ்கள், நெருக்கமான தெருக்கள். தென் மாவட்ட ரயில்கள் பல மாம்பலத்தில் நின்று போகின்றன. பெரிய கடைகளும் நடந்து போகிற தூரம்தான். அதனால் ஊரிலிருந்து படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகள் பலர் இந்தப் பக்கம் ரூம் எடுத்தோ ஹாஸ்டலிலோ தங்குகிறார்கள். நம் குழு உறுப்பினர்களின் பிள்ளைகளும் அப்படிப் போகிறவர்கள்தான்.

அனுப்பும்போது நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம்? ஒரு பெட்டி, ஊறுகாய் பாட்டில், சர்டிபிகேட் ஃபைல், ஒரு ஜெபம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இறங்கின முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது வேற. ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்கணும். கையில் இருக்கிற பணத்தை முப்பது நாளுக்குப் பிரிக்கணும். துணி துவைக்கணும், மெஸ் இல்லாத நாளில் ஒரு கஞ்சியாவது வைக்கத் தெரியணும். டிக்கெட் எடுக்காமல் மின்சார ரயிலில் ஏறி மாட்டிக்கொண்டால் டிக்கெட் காசோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது, மாத்திரைச் சீட்டை எப்படிப் படிப்பது? இதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இல்லை.

"என் பொண்ணு ஒரு டம்ளர் கழுவினதில்லைங்க, படிப்பு படிப்புன்னே இருந்துச்சு" என்று குழுக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். மகன் என்றால் கேட்கவே வேண்டாம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க விடமாட்டோம். நாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்கிற ஆசைதான், புரிகிறது. ஆனால் அந்த ஆசையே பிள்ளையைக் கையாலாகாதவனாக ஆக்கிவிடுகிறது என்பதுதான் எங்கள் கருத்து.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. அம்மா பெயர் எஸ்தர். வசதிக்குக் குறைவில்லை, பிள்ளைகள் வேலை செய்துதான் சாப்பிடணும் என்கிற நிலைமையும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா பிள்ளைகளிடம் ஒரு சிறிய முதலைக் கொடுத்துக் கோழி வளர்க்கச் சொல்வாராம். வளர்த்து விற்ற பணத்தில் அம்மா கொடுத்த முதலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் இருக்கிற லாபம் தர்ம காரியத்துக்கு.

இதைக் கேட்கும்போது நம் குழுவின் உள்கடன் மாதிரியே இல்லை? முதல், பொறுப்பு, திருப்பிச் செலுத்துதல், லாபம் நாலு பேருக்குப் பயன்படுவது. நாம் நாற்பது வயதில் கற்றுக்கொண்டதை அந்த வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் 1892 ஜனவரி 4ஆம் தேதி பிறந்த பிள்ளைகளில் ஒருவர்தான் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்கியல் படித்து பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். பிறகு காந்தியடிகளோடு சேர்ந்து, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம் என்று இன்று நம் குழுக்கள் செய்கிற தொழில்களுக்கு அன்றே குரல் கொடுத்தவர். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார். 1960 ஜனவரி 30இல் காலமானார்.

1934இல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில். காந்தியடிகளும் உடன் வந்தவர்களும் பீகாருக்கு வந்தபோது அவர்கள் செலவை அந்த நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அது பாதிக்கப்பட்டவர்களின் பணம், தலைவர் என்றாலும் கணக்கு கணக்குத்தான். கோழி விற்ற காசில் அம்மாவின் முதல் எது, தர்மத்துக்கு உரியது எது என்று பிரித்து வைத்துப் பழகிய கை அது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

சரி, நம் வீட்டில் எப்படிச் செய்வது?

நம் கூட்டமைப்பில் சபைக்குப் போகிற சகோதரிகள் பலர் உண்டு. அவர்களுக்கு அறுப்பின் பண்டிகை ஏலம் தெரியும். கோழி, முட்டை, பூசணி, வாழைத்தார் எல்லாம் கொண்டுவந்து வைப்போம். அந்த ஏலத்துக்கு இந்த வருஷம் பிள்ளையே வளர்த்த கோழி ஒன்று போகட்டுமே. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, கடைசி நிமிஷத்தில் பிள்ளை கையில் பத்து ரூபாயைத் திணித்துக் காணிக்கை போடச் சொல்கிறோம். அது நம் காணிக்கை, பிள்ளையுடையது அல்ல. இயேசுவைத் தச்சர் என்கிறது வேதம். பவுல் கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர். கைத்தொழில் கற்பதை விசுவாசத்துக்கு வெளியே உள்ள வேலையாக அவர்கள் நினைக்கவில்லை. மற்ற சகோதரிகள் பொங்கலுக்கோ ஊர்க் கொடைக்கோ இதையே மாற்றிச் செய்துகொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முட்டை வைக்கிற நாட்டுக்கோழி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முட்டை அடை வைத்தால் 21 நாளில் பொரிக்கும். எட்டுக் குஞ்சு வருகிறது. இரண்டைக் காக்கா தூக்கிவிட்டது, ஒன்று செத்துப்போனது, மிச்சம் ஐந்து. தீவனம் 300 ரூபாய். வளர்ந்தபின் ஒன்று 350 என்று விற்றால் 1,750. அம்மாவின் முதல் 800 போக 950 ரூபாய் லாபம், தாய்க்கோழியும் மிச்சம். விலை உங்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் காக்கா தூக்கினதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நஷ்டத்தை மறைக்காமல் எழுதுகிற பழக்கம் அங்கேதான் வரும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்குக் கால்நடை மருந்தகத்துக்குப் பிள்ளையையே கூட்டிப்போய், அவனையே பேச விடுங்கள். நாம் பக்கத்தில் நின்றால் போதும்.

இதில்தான் நமக்குக் கஷ்டம். பிள்ளை தடுமாறினால் நாமே வாங்கிச் செய்துவிடுவோம். தோசை வட்டமாக வரவில்லை என்று கரண்டியைப் பிடுங்குவோம், "நகரு, நேரமாச்சு" என்போம். அப்புறம் பிள்ளை கரண்டியைத் தொடுவதில்லை. கோணல் தோசையை இரண்டு மாதம் சாப்பிடத் தயாராக இருக்க வேண்டும்! மகளுக்கு மட்டும் சமையல், மகனுக்கு மட்டும் பேங்க் என்று பிரிக்கவும் வேண்டாம். மேற்கு மாம்பலம் ரூமில் சட்டை அழுக்கானால் அது ஆண் பெண் பார்ப்பதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். பள்ளிக்கூட நேரத்தில் கோழி மேய்க்க விடுவது வாழ்க்கைத் திறன் பயிற்சி ஆகாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போகத்தான் வீட்டுக்கு உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும். சட்டமும் அதுதான்.

பத்து வயது முடிந்தால் தபால் ஆபீஸில் பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்து நடத்தலாம். தொடங்க 500 ரூபாய். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும், கிழித்துப்போட்டு இன்னொன்று நிரப்பினாலும் பரவாயில்லை. போனில் வருகிற ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும்.

பிள்ளை பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தால் கேட்க வேண்டியவை சில உண்டு. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, பி.எஃப். எண் உண்டா, வார விடுமுறை எந்த நாள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கினவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை மரியாதையாகக் கேட்கும். தெரியாமல் போகிற பிள்ளை, உட்காருவதே தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கோழி நோட்டைக் கொண்டு வாருங்கள், நம் பதிவேடு பார்ப்பது போல அதையும் பார்ப்போம். அதற்கு முன் இன்று இரவே ஒரு சின்ன வேலை. செல்போனில் பெயரைத் தொட்டுப் பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு அம்மாவின் நம்பர் மனப்பாடமாக இருப்பதில்லை. போன் தொலைந்தால் என்ன செய்யும்? உங்கள் நம்பரைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். கூடவே குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112.