திண்ணைக்கு வந்த வாடகை

சமூக ஊடகங்கள் நம்மிடம் நேரடியாகப் பணம் கேட்பதில்லை. அதனால் அவற்றைப் பொதுச் சொத்தாகவே பலரும் எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணம் எவ்வளவு வலுவற்றது என்பதை 2023-இல் அமெரிக்காவின் ரெடிட் தளத்தில் எழுந்த சர்ச்சை எடுத்துக்காட்டியது.

2005-இல் தொடங்கப்பட்ட ரெடிட், தலைப்பு வாரியாக இயங்கும் பல்லாயிரம் குழுக்களின் தொகுப்பு. சமையல் முதல் சட்டம் வரை எதைப் பற்றியும் அங்கே கேட்கலாம். முன்பின் அறியாத ஒருவர் பதில் எழுதுவார். அவருக்கு ஊதியம் இல்லை. வசைகளையும் மோசடிப் பதிவுகளையும் நீக்கி ஒழுங்கைக் காக்கும் நெறியாளர்களும் தன்னார்வலர்களே.

இத்தளத்தின் பதிவுகளை வெளியார் உருவாக்கிய செயலிகள் பெறுவதற்கான நுழைவாயிலின் பெயர் 'ஏபிஐ'. பதிவைத் திறந்தாலும் வாக்களித்தாலும், செயலியிலிருந்து இவ்வாயில் வழியே ஒரு கோரிக்கை செல்லும். பல ஆண்டுகள் இது இலவசமாகவே இருந்தது. ரெடிட்டின் இன்றைய அதிகாரபூர்வச் செயலி 2016-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்பு கைப்பேசிப் பயனாளர்களைத் தளத்துக்கு அழைத்து வந்ததில் வெளியாரின் செயலிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

2023 ஏப்ரலில் ரெடிட் கட்டணத் திட்டத்தை அறிவித்தது. மே இறுதியில் தெரியவந்த கட்டணம், 1,000 கோரிக்கைகளுக்கு 24 சென்ட். பார்வைக்குச் சிறிய தொகைதான். ஆனால், 'அப்போலோ' செயலி மாதத்துக்கு 700 கோடி கோரிக்கைகளை அனுப்பி வந்தது. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் செலுத்த வேண்டியிருக்கும் என்று அதை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் கணக்கிட்டார். கட்டணம் நடைமுறைக்கு வரும் நாள் ஜூலை 1. இடையில் இருந்தது ஒரு மாத அவகாசம் மட்டுமே.

ஜூன் 12-இல் ஆயிரக்கணக்கான குழுக்கள் தங்கள் பக்கங்களை மூடி எதிர்ப்புத் தெரிவித்தன. தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் பின்வாங்கவில்லை. மூடிய பக்கங்களைத் திறக்க மறுத்த நெறியாளர்கள், பொறுப்பை இழக்க நேரிடும் என்று எச்சரிக்கப்பட்டனர். ஜூன் மாத இறுதியில் அப்போலோ, சிங்க், பேக்கன்ரீடர் போன்ற செயலிகள் மூடப்பட்டன.

நிறுவனத்தின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. கணினிகளை இயக்கச் செலவு உண்டு. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இப்பதிவுகளை விலையின்றி எடுத்துத் தங்கள் மென்பொருள்களைப் பயிற்றுவித்ததும் உண்மையே. குறைந்த அளவில் பயன்படுத்துவோருக்கும் நெறியாளர் கருவிகளுக்கும் ரெடிட் விலக்கு அளித்தது. எனவே, கட்டணம் கேட்டதே தவறு என்று நான் கூறமாட்டேன்.

என் மறுப்பு வேறு. பதிவுகளை மொத்தமாக அள்ளிச் செல்லும் பெருநிறுவனமும், அவற்றைப் படிக்க உதவும் சிறு செயலியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியதும், உரிய அவகாசம் தராததும் நியாயமல்ல. பார்வை மாற்றுத்திறனாளிகள் பலர், திரைவாசிப்பு வசதி சிறப்பாக அமைந்த வெளிச் செயலிகளையே நம்பியிருந்தனர். அவர்கள் குரல் எழுப்பிய பின்னரே, வணிக நோக்கமற்ற அத்தகைய சில செயலிகளுக்கு விலக்கு கிடைத்தது. உரிமையாக முன்பே இருந்திருக்க வேண்டியது, சலுகையாகப் பின்னர் வந்தது.

2024 பிப்ரவரியில் கூகுளுடன் ரெடிட் செய்த ஒப்பந்தம், ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் மதிப்புடையது என்று செய்திகள் கூறின. அடுத்த மாதம் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தது. விற்பனைக்கு வந்த சரக்கு, பயனாளர்கள் ஊதியமின்றி எழுதியவைதாம்.

ட்விட்டரும் 2023 ஜனவரியில், முன்னறிவிப்பின்றி வெளிச் செயலிகளை முடக்கியது. ஆகவே, இது ஒரு நிறுவனத்தின் குணக்கேடு மட்டுமன்று. தனியார் இடத்தில் பொது வாழ்வை அமைத்துக்கொள்வதன் விளைவு இது.

திண்ணைக்குச் சொந்தக்காரர் வாடகை கேட்கலாம். ஆனால், அத்திண்ணைக்கு மதிப்பைத் தந்தவர்கள் அங்கே கூடிப் பேசியவர்கள். கட்டண மாற்றத்துக்குப் போதிய கால அவகாசம், பயன்பாட்டின் தன்மைக்கேற்ற விகிதம், மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதியான விலக்கு ஆகிய மூன்றையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, நாம் எழுதுபவற்றின் படியொன்றை நம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது.